டூல் செலக்ஷன்தான் முக்கியம்

10 ஜூலை 2008, வியாழன்

லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. டிரைவிங் ஸ்கூல்காரர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு நின்று டீச்செலவும் வாங்கிக்கொண்டு போனார். போட்டோவில் என் மூஞ்சி ரேஷன் கடையில் சண்டை போட்டுவிட்டு வந்த மாதிரி இருக்கிறது, போகட்டும். முதல் தடவையே ரிவர்ஸ் எடுத்துக் காட்டித் தேறினேன். என்ற ஊட்டுக்காரர் பிரதீப் மூன்றாவது தடவைதான் தேறினார். இதை இங்கே எழுதி வைப்பது என் கடமை.

பொங்கலூருக்குப் போன் போட்டு அப்பாவிடம் சொன்னேன். அப்பாவுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. அதனால்தான் தன் வெள்ளை மாருதி எண்ணூறைப் போன மாதம் எங்கள் வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டு, "இனி உன்றது கண்ணு" என்று சாவியை என் கையில் கொடுத்தார். பொம்பளப் புள்ளைக்கு எதுக்குக் காரு என்று சித்தப்பா அர்த்தநாரி முதல் தோட்டத்து ஆள் வரைக்கும் கேட்டாயிற்று. அப்பா யாருக்கும் பதில் சொல்லவில்லை.

இன்றைக்குச் சொன்னார்: "தீவாளி நோம்பிக்கு நீயே ஓட்டீட்டு வா கண்ணு. அப்பிடியே என்னைய வெள்ளகோவிலுக்குக் கூட்டீட்டுப் போ. உன்ற அத்தையப் பாக்கோணும்." அத்தை சுப்பாத்தாள் அப்பாவின் அக்கா. அப்பா வண்டி ஓட்டுவதை நிறுத்தியதிலிருந்து அக்காளும் தம்பியும் பார்த்துக்கொள்ளவே இல்லை. பஸ்ஸில் போகலாமே என்றால் ரோசம் பொத்துக்கொண்டு வரும். சரிங்கப்பா, நான் கூட்டிட்டுப் போறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

திங்கள்கிழமை முதல் வேலைக்கு என் வண்டியில்தான். கம்பெனி வேனுக்கு ஒரு கும்பிடு.

13 ஜூலை, ஞாயிறு

கெரகமே!

அவிநாசியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தால், வாசலில் வண்டி வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தால் இஞ்சினில் பாதியைக் காணோம். பாதி எங்கே என்றால் சாப்பாட்டு மேசை மேல். நடுவில் இவர், இரண்டு கையிலும் கருப்பு மை, மூஞ்சியில் புதுமாப்பிள்ளைச் சிரிப்பு.

போர்ட்டிங்காம், பாலிஷிங்காம். இஞ்சினுக்கு மேல் மூடி மாதிரி ஒரு அலுமினியக் கட்டி இருக்கிறது, அதற்குப் பெயர் ஹெட். பெட்ரோலும் காற்றும் உள்ளே போவதற்கு அதில் ஓட்டை, புகை வெளியே வருவதற்கு ஓட்டை. சொரசொரவென்று இருக்கிற அந்த ஓட்டைகளை உள்ளே குடைந்து, தேய்த்து, வழவழப்பாக்கினால் வண்டி பறக்குமாம். பிரவுசிங் சென்டரில் எடுத்த பிரிண்ட் அவுட் ஒரு கட்டு வைத்திருக்கிறார். டயிங் லேபில் சாயம் கலக்குகிற மனுஷன், ஒரே வாரத்தில் இஞ்சின் டாக்டர் ஆகிவிட்டார்.

"ஏனுங்க, லைசென்ஸ் வந்த வாரமே பிரிச்சுப் போட்டா எப்பிடீங்க?"

"ஆடி பொறக்கறதுக்குள்ள ஆரம்பிச்சர்லாம்னுதான். ஒரே வாரம் சித்ரா. சர்ப்ரைஸ்."

எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. பறந்து எங்கே போக? திருப்பூர்ப் பல்லடம் ரோட்டில் நாலு சிக்னல் தாண்டினால் என் பனியன் கம்பெனி.

14 ஜூலை, திங்கள்

கம்பெனி வேன். லைசென்ஸும் கைப்பைக்குள் உட்கார்ந்து சும்மா வந்தது.

20 ஜூலை, ஞாயிறு

வீட்டில் இருந்தால் நொய் நொய் என்பேனாம். மளிகை வாங்கி வா என்று என்னை வெளியே அனுப்பிவிட்டு வேலையை ஆரம்பித்தார். அவர் கம்பெனி மெயிண்டனன்ஸில் குழாய் வெல்டிங்கைத் தேய்க்கிற கிரைண்டர் ஒன்று உண்டு, அதை இரவல் வாங்கி வந்திருந்தார்.

நான் துவரம்பருப்போடு திரும்பும்போது வேலை நின்றுவிட்டது. ஹெட்டை வெள்ளை இன்டர்லாக் பனியன் துணியில் சுற்றி, கட்டி, அலமாரிக்கு மேல் ஏற்றியும் ஆயிற்று. இவர் சோபாவில் உட்கார்ந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாச்சுங்க?"

"இந்தக் கிரைண்டர் ஆகாது. ஸ்பீடு ஜாஸ்தி. டூல் செலக்ஷன்தான் முக்கியம் சித்ரா. அவசரப்படக் கூடாது."

முகம் வேறு மாதிரி இருந்தது. வெயில் என்று நினைத்து மோர் கொடுத்தேன்.

ஹெட்டைக் காட்டுங்க என்றேன். தூசி படக்கூடாதாம்.

27 ஜூலை, ஞாயிறு

ட்ரில்லிங் மெஷின் வந்திருக்கிறது. இதில் உப்புக்காகிதம் சுற்றித் தேய்க்கலாமாம். மாட்டினார், ஓட்டினார், காற்றிலேயே ஓட்டிக் காட்டிவிட்டு நிறுத்திவிட்டார். ஸ்பீடு கம்மியாம். போன வாரம் ஜாஸ்தி, இந்த வாரம் கம்மி.

இவர் வேலை அப்படி. துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையர் ஒரு கலர் கேட்டால் லேபில் ஏ, பி, சி என்று மூன்று சாம்பிள் சாயம் போட்டு அனுப்புவார்கள். பையர் மூன்றும் வேண்டாம் என்பான். திரும்ப மூன்று. அந்தப் பழக்கத்தை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். பையர் நான் இல்லை, அதுதான் சோகம்.

2 ஆகஸ்ட், சனி

ஆடிப்பெருக்கு. இன்றைக்கு எது வாங்கினாலும் பெருகும் என்பார்கள். ஊர் உலகத்தில் குண்டுமணித் தங்கமாவது வாங்குவார்கள், இல்லாவிட்டால் மஞ்சளும் உப்புமாவது. இவர் பல் செட் செய்கிற இடத்தில் வைத்திருப்பார்களே, அந்தக் குட்டி மோட்டார், பேனா மாதிரிக் கையில் பிடித்துக் குடைவது, அதை வாங்கி வந்திருக்கிறார்.

"நுணுக்கமான வேலைக்கு இதுதான்."

"அதுக்குப் பல்லு வெளக்கி உடப் போறீங்களா?"

விலையை நான் கேட்கவில்லை. பெருகாமல் இருந்தால் சரி.

9 ஆகஸ்ட், சனி

பெருகிவிட்டது. வளைகிற தண்டு ஒன்று வந்திருக்கிறது, ட்ரில்லில் மாட்டி மூலை முடுக்கெல்லாம் நுழைக்க. குளிக்கப் போகும்போது பாம்பென்று அலறிவிட்டேன்.

15 ஆகஸ்ட், வெள்ளி

லீவு. மாமியார் மயிலாள் பஸ் பிடித்து வந்தார். அலமாரி மேல் வெள்ளைத் துணிச் சுருணையைப் பார்த்து அது என்ன என்றார். ஹெட்டு என்றேன்.

"பேரனைச் சுத்த வேண்டிய துணியில இரும்பச் சுத்தி வச்சிருக்கறீங்க. நல்லாருக்குது பொளப்பு."

இரும்பில்லீங்கம்மா, அலுமினியம் என்று இவர் திருத்தினார். அந்த வாக்கியத்தில் திருத்த வேண்டியது அது ஒன்றுதான் போல.

24 ஆகஸ்ட், ஞாயிறு

கம்ப்ரசர். சின்னது என்றார். வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் பாதி அதுதான் நிற்கிறது, துணி காயப்போட நான் ஒருக்களித்து நடக்கிறேன். காற்றில் ஓடுகிற கிரைண்டர்தான் கைக்கு அடங்குமாம். காற்று வேண்டுமென்றால் கம்ப்ரசர் ஓட வேண்டும், கம்ப்ரசர் ஓட கரண்ட் வேண்டும். கரண்ட்தான் சொல்லாமல் கொள்ளாமல் போய்க்கொண்டிருக்கிறதே. ஸ்விட்சைப் போட்டார், ஒரு உறுமல், போச்சு. இவர் முகத்தில் ஒரு நிம்மதியைப் பார்த்தேன். பார்த்தேனா? கரண்ட் போனால் யாராவது நிம்மதியடைவார்களா?

1 செப்டம்பர், திங்கள்

வேன். டிரைவர் கேட்டார், "ஏனுங்க மேடம், காரு வாங்கீட்டீங்கன்னு சொன்னாங்க?"

"வாங்கீட்டேனுங்க. தலை மட்டும் இன்னும் வரலீங்க."

6 செப்டம்பர், சனி

குடைகிற பிட்டு வாங்கியதில் கோளாறாம். பல் நெருக்கமாக இருக்கிற பிட்டு இரும்புக்கு. அலுமினியம் மெத்தென்று இருப்பதால் பல்லிடுக்கில் போய் அப்பிக்கொள்ளும், அதனால் பல் அகலமாக இருக்கிற பிட்டு வேண்டும், மண்ணெண்ணெய் தொட்டுத் தொட்டு ஓட்ட வேண்டும். அரை மணி நேரம் விளக்கினார். கேட்கக் கேட்க எனக்கே எல்லாம் மனப்பாடம். நாளைக்கு யாராவது என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

எல்லாம் தெரிகிறது மனுஷனுக்கு. ஆரம்பிக்க மட்டும் தெரியவில்லை.

7 செப்டம்பர், ஞாயிறு

அப்பா போன். "வண்டி எப்பிடி ஓடுது கண்ணு?"

"நல்லா ஓடுதுங்கப்பா."

"மூணாவது கியர்ல கொஞ்சம் மொனகும். பயந்துக்காத."

"இல்லீங்கப்பா. இப்பெல்லாம் சத்தமே இல்லீங்க."

பொய் ஒன்றும் சொல்லவில்லை. சத்தமே இல்லைதான்.

வைக்கும்போது இன்னொன்றும் சொன்னார். வெள்ளகோவில் அத்தைக்கு அப்பாவே சொல்லியனுப்பிவிட்டாராம், தீவாளிக்கு மறுநாள் வருகிறோம், என்ற மக ஓட்டீட்டு வர்றா என்று.

13 செப்டம்பர், சனி

கம்பெனியில் துணிக் குறை பார்க்கிற செக்கிங் டேபிளில் எனக்கு எதிரில் நிற்கிற பெண் நதியா, சிவகாசிப் பக்கம். எங்கள் வீட்டுக் கதை அவளுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குத் தொடுகறி. இன்றைக்குச் சொன்னாள்:

"யக்கா, சும்மா அருவாளத் தீட்டிக்கிட்டே இருக்காகன்னா, வெட்ட மனசில்லன்னு அர்த்தம்க்கா."

சிரித்துவிட்டு ஒரு டீ-ஷர்ட்டை எடுத்தேன். அதற்குப் பிறகு எத்தனை பீஸ் பார்த்தேன், என்ன பார்த்தேன் என்று ஞாபகமில்லை.

14 செப்டம்பர், ஞாயிறு

கேட்டேவிட்டேன். குழம்பு தாளிக்கும்போது, திரும்பிப் பார்க்காமல். "நான் காரு ஓட்டறது உங்களுக்குப் புடிக்கலீங்களா?"

திரும்பிப் பாத்தா ஆளு இல்ல. வெளிய போயி பைக்கத் தொடைச்சுட்டு இருக்கறாரு! காலைலதான் தொடைச்சாரு அத!

அப்ப அதுதானா? மூணு தடவை ஓட்டிக் காட்டி பாஸ் பண்ணுன மகராசனுக்கு நான் ஒரே தடவைல தேறுனது உறுத்துதா? நேரா மூஞ்சியப் பாத்து, நீ ஓட்ட வேண்டாமுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை சொல்லி முடிச்சிருப்பேன். இது என்ன — சிரிச்சுச் சிரிச்சு டூலா வாங்கி அடுக்கி என் வண்டிய முடக்கறது? வித்துப் போட்டிருந்தாக்கூட இவ்வளவு வயிறு எரியாது.

ராத்திரி குழம்பில் உப்பு இல்லை என்றுகூட அவர் சொல்லவில்லை.

21 செப்டம்பர், ஞாயிறு

பேச்சில்லை. பிட்டுப் பெட்டி ஒன்று வந்தது. நான் பார்க்கவில்லை, அவர் காட்டவில்லை.

28 செப்டம்பர், ஞாயிறு

விஷயம் தெரிந்துவிட்டது.

இவர் பிரவுசிங் சென்டருக்குப் போயிருந்தார். ஆறு மணிக்குக் கரண்ட் போனது. அந்தத் துணிச் சுருணையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு ஒரு ஆங்காரம். இவ்வளவு நாளில் ஒரு இழையாவது தேய்த்திருக்கிறாரா இல்லையா, பார்த்துவிடுவோம் என்று ஸ்டூல் போட்டு ஏறி இறக்கினேன். நல்ல கனம். அவிழ்த்து டார்ச்சை எடுத்தேன்.

எங்கள் செக்கிங் டேபிள் கண்ணாடி. அடியில் டியூப்லைட் எரியும், மேலே துணியை விரித்தால் ஒரு இழை அறுந்திருந்தாலும் பொட்டென்று வெளிச்சம் தெரியும். நாள் பூராவும் அதையே பார்த்த கண். கை தானாகவே டார்ச்சை ஓட்டைக்குள் சொருகியது. பெட்ரோல் போகிற முதல் ஓட்டை, இரண்டாவது, மூன்றாவது. மூன்றாவதில் சொருகியதும், சம்பந்தமே இல்லாத இடத்தில், தண்ணீர் ஓடுகிற வழியில், கடுகு அளவுக்கு ஒரு வெளிச்சம்.

நம்பாமல் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். இஞ்சினைக் குளிர வைக்கிற தண்ணீர் போகிற வழியில் ஊற்றினால், பெட்ரோல் போகிற ஓட்டையில் சொட்டுகிறது. ஹோல். மேஜர் டிஃபெக்ட். எங்கள் கம்பெனியில் இதற்கு மன்னிப்பே கிடையாது.

அந்த ஓட்டையில் மட்டும்தான் கிரைண்டர் பட்ட தடம். மற்ற எதையும் தொடவே இல்லை. அப்படியென்றால் முதல் நாளே, நான் துவரம்பருப்பு வாங்கப் போன அன்றைக்கே, குடைந்து அந்தப் பக்கம் போய்விட்டார். அப்புறம் வந்த ட்ரில், பல் மோட்டார், பாம்பு, கம்ப்ரசர் எல்லாமே அதை மறைக்க. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் தள்ளிப் போட்டிருக்கிறார், பாவி மனுஷன்.

முதலில் ரத்தம் கொதித்தது. கொஞ்ச நேரத்தில் தனியாக இருட்டில் உட்கார்ந்து சிரித்தேன். அப்புறம், ஏன் என்று தெரியவில்லை, பாவமாக இருந்தது. என்னிடம் சொல்வதை விடக் கம்ப்ரசர் வாங்குவது சுலபமாக இருந்திருக்கிறது இவருக்கு. நான் அப்படியா பயமுறுத்துகிறேன்?

துடைத்து, பழையபடி சுற்றி, ஏற்றி வைத்துவிட்டேன். முடிச்சுகூட அதே முடிச்சு.

3 அக்டோபர், வெள்ளி

நான் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. பேச்சை மட்டும் ஆரம்பித்துவிட்டேன். அதுவும் ரொம்பப் பிரியமாக.

"ஏனுங்க, எந்த டூல்னு முடிவாச்சுங்களா?"

"பாத்துட்டு இருக்கறேன்."

"நிதானமாப் பாருங்க. அவசரப்பட்டா ஓட்டை கீட்டை விழுந்துரப் போகுது."

குடித்த காபி புரையேறிவிட்டது. தலையில் தட்டிவிட்டேன், நல்ல மனைவி இல்லையா.

சிரித்தாலும் உள்ளுக்குள் பயம். தீவாளி இந்த மாதக் கடைசி. அப்பா துணி எடுத்து வைத்துவிட்டாராம், அத்தைக்கும் ஒரு சேலை.

8 அக்டோபர், புதன்

ஆயுத பூஜை. கம்பெனியில் காலையிலேயே பூஜை முடிந்து பொரி, கடலை, தேங்காய்மூடி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மெஷின் ஒவ்வொன்றும் பொட்டும் பூவுமாகக் கல்யாணப் பெண் மாதிரி நின்றது. வரும்போது செக்கிங் டேபிளில் இருந்து ஒரே ஒரு சாமானை எடுத்து வந்தேன். சிவப்பு அம்பு ஸ்டிக்கர். துணியில் எங்கே குறை இருக்கிறதோ அந்த இடத்தைக் காட்டி ஒட்டுவோம்.

சாயங்காலம் வீட்டில் பூஜை. இவர் வாங்கிக் குவித்த அத்தனையையும் வரிசையாக வைத்தேன். ட்ரில், பல் மோட்டார், வளைகிற தண்டு, காற்று கிரைண்டர், பிட்டுப் பெட்டி. கம்ப்ரசர் நகராது, அதற்கு அங்கேயே ஒரு வாழைக்கன்று. இத்தனை ஆயுதம் போருக்குப் போகிறவன் வீட்டில்கூட இருக்காது. ஒரு வேலைகூடச் செய்யாமல் பூஜைக்கு வந்த ஆயுதம் இந்த ஊரிலேயே எங்கள் வீட்டில்தான் இருந்திருக்கும்.

இவர் சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். கடைசியில் நான் ஹெட்டை வைத்திருந்தேன். துணி இல்லாமல்.

"அதுக்கும் ஒரு பொட்டு வையிங்க."

குனிந்தவர் கை அப்படியே நின்றுவிட்டது. மூன்றாவது ஓட்டை ஓரத்தில் சிவப்பு அம்பு, உள்ளே பார்த்தபடி.

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "எப்பப் பாத்தே?" என்றார்.

"நீங்க எப்ப ஓட்டை போட்டீங்க?"

"அன்னிக்கேதான். அந்தக் கம்பெனி கிரைண்டர வச்சதும் வழுக்கீட்டுப் போச்சு. நிறுத்தறதுக்குள்ள..."

"சொல்றதுக்கு என்னங்க?"

"உங்கப்பன் வண்டி சித்ரா. மாப்பளை பாத்துக்குவாருன்னு என்ற கையப் புடிச்சுச் சொல்லீட்டுப் போனாரு. நீ அன்னிக்கு லைசென்ஸ வச்சுட்டு அப்பிடிச் சிரிச்சே. எந்த மூஞ்சிய வச்சுச் சொல்றது? நல்ல டூல் கெடச்சாச் சரி பண்ணீர்லாமுன்னு நெனச்சேன்."

"தேச்சா ஓட்டை பெருசாகுமுங்க. அடையாது."

"தெரியும்."

எனக்கு இன்னொரு கேள்வி பாக்கி இருந்தது. அன்றைக்கு அடுப்படியில் கேட்டதையே மறுபடி கேட்டேன். இந்தத் தடவை பைக்கைத் துடைக்கப் போகவில்லை.

"லாரிக்காரனுக ரோடு. பின்னால ஹாரன் அடிச்சா நீ பதறிருவே, கொஞ்சம் பிக்கப் ஏத்திக் குடுக்கலாம்னுதான் ஆரம்பிச்சேன். சத்தியமா." சந்தன விரலைத் துடைத்துக்கொண்டு, "நீ மொதத் தடவையே தேறுனதுல கொஞ்சம் வயித்தெரிச்சலும் இருந்துச்சு. இல்லீன்னு சொல்லல."

ஒரு கை பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். இல்லாவிட்டால் ஏதாவது சொல்லியிருப்பேன். வயிற்றெரிச்சல் என்று அவர் வாயால் சொன்னதும் என் வயிற்றெரிச்சல் அடங்கிவிட்டது, அது எப்படி என்று எனக்கே புரியவில்லை. ஸ்டிக்கர் மேலேயே குங்குமம் வைத்தோம்.

10 அக்டோபர், வெள்ளி

வேலை முடிந்து இருவரும் ஹெட்டைத் தூக்கிக்கொண்டு அந்தோணிராஜ் ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். சாத்தான்குளத்துக்காரர், பல்லடம் ரோட்டில் பட்டறை. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"என்னக்கா இது, எலி கடிச்சுட்டா?"

"பெரிய எலிங்க. கூடவே வந்திருக்குது."

இவர் பக்கத்தில் நின்று காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.

அலுமினிய வெல்டிங் வைத்து அடைக்கலாமாம், கோயமுத்தூருக்கு அனுப்ப வேண்டும். ஆனால் வெல்டிங் ஓட்டைக்குள் கட்டி கட்டியாக நிற்கும், அதை உள்ளே தேய்த்து எடுக்க வேண்டும். "தீவாளி வேல தலைக்கு மேல கெடக்கு, என்னால ஆவாது. தேச்சுக் கொண்டாங்க, நான் மாட்டித் தாரேன். தேய்க்கதுக்கு டூல் இருக்கா அண்ணாச்சி?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அங்கிருந்த ஸ்டெப்னி டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

19 அக்டோபர், ஞாயிறு

வெல்டிங் நேற்று வந்தது. பொடக்காளியில் துவைக்கிற கல் மேல் பழைய துணியை விரித்து ஹெட்டை வைத்தோம். காலையிலேயே கரண்ட் இருந்தது, அதுவே நல்ல சகுனம்.

இவர் பிட்டை உள்ளே விடுகிறார், வெளியே எடுக்கிறார். "நீயே செய் சித்ரா, மறுபடி போயிருச்சுன்னா..."

"ஓட்டை போட்ட கைதான் அடைக்கோணும். ஓட்டுங்க. நான் பாத்துக்கறேன்."

செக்கிங்கில் துணிக்குள் கையை விட்டு விரல் நுனியால் தடவிப் பார்ப்போம். கண்ணுக்குத் தப்பினது விரலுக்குத் தப்பாது. அவர் கொஞ்சம் தேய்ப்பார், நிறுத்துவார், நான் சுண்டுவிரலை விட்டுத் தடவுவேன். இன்னும் மேடு இருக்குது. இன்னும் கொஞ்சம். இக்கட்டால போதும், அக்கட்டால தேயுங்க. மண்ணெண்ணெய் நான்தான் தொட்டுத் தொட்டு வைத்தேன். மத்தியானம் சோறு ஆக்கவில்லை, பன்னும் டீயும்தான்.

இதில் கொடுமை என்னவென்றால், எந்த டூல் உதவிற்று தெரியுமா? முதலில் வாங்கிய ட்ரில். அதில் அந்தப் பாம்பு, பாம்பு வாயில் அகலப் பல் பிட்டு. கடைசியில் நுனி பிளந்த கம்பியில் உப்புக்காகிதம் சுற்றி ஒரு ஓட்டு. பல் மோட்டாரும் கம்ப்ரசரும் வெறும் பார்வையாளர்கள்.

மேடு போனதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. இன்னும் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கலாம் என்று உப்புக்காகிதத்தை மறுபடி சுற்றினார். அவர் கையைப் பிடித்தேன். டார்ச் அடித்தேன், தண்ணீர் ஊற்றினேன், சொட்டவில்லை. விரலை விட்டுத் தடவினேன்.

"பாஸ்" என்றேன்.

கம்பெனியில் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை சொல்கிற வார்த்தை. இவர் அதைக் கேட்டுவிட்டுத் துவைக்கிற கல் மேலேயே உட்கார்ந்து, அழுக்குக் கையால் கண்ணைத் துடைத்தார். மூஞ்சியெல்லாம் கரி.

24 அக்டோபர், வெள்ளி

மாட்டியாயிற்று. சாவியைத் திருப்பினேன், இரண்டு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. அந்தோணிராஜ் ரேடியேட்டரைப் பார்த்தார், சைலன்சரில் கை வைத்துப் பார்த்தார், "போங்கக்கா" என்றார்.

வண்டி பறக்கவில்லை. முன்னே எப்படி ஓடிற்றோ அப்படியே ஓடுகிறது. மூன்றாவது கியரில் முனகுகிறது. இதற்குத்தான் இத்தனை கூத்து.

27 அக்டோபர், திங்கள், தீவாளி

பொங்கலூர். திருப்பூரில் இருந்து நானே ஓட்டினேன். இவர் இடது பக்கம் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை வழி நெடுக மிதித்தார். ஒரு லாரிக்காரன் பின்னால் ஹாரன் அடித்தான், நான் பதறவில்லை, இவர்தான் பதறினார்.

அப்பா சத்தத்தைக் கேட்டே வாசலுக்கு வந்து நின்றிருந்தார். சித்தப்பா அர்த்தநாரியும் இருந்தார். வண்டியைச் சுற்றி வந்து ஏதாவது குறை கிடைக்குமா என்று தேடினார். கிடைக்காது சித்தப்பா, செக்கிங் முடிஞ்சுதான் வந்திருக்குது.

28 அக்டோபர், செவ்வாய்

அப்பா முன் சீட்டில், மடியில் அத்தைக்கு எடுத்த சேலை. இவர் பின்னால். காங்கேயம் தாண்டும் வரை அப்பா தலையைச் சாய்த்து இஞ்சினையே கேட்டுக்கொண்டு வந்தார்.

"சத்தம் மாறியிருக்குது மாப்பளை. முன்னைக்கு இப்ப நல்லா இழுக்குது. என்ன பண்ணுனீங்க?"

கண்ணாடியில் பின்னால் பார்த்தேன், ஆள் ஜன்னலுக்கு வெளியே குதித்துவிடுவார் போல.

"டூல் செலக்ஷனுங்கப்பா" என்றேன். "அவசரப்படாமப் பாத்து வாங்குனாரு."

"அதாஞ் செரி. டூலு நல்லா இருக்கோணும்."

வெள்ளகோவிலில் அத்தை வாசலிலேயே உட்கார்ந்திருந்தது. அப்பா இறங்கித் தடவித் தடவிப் போனார். யாருக்குக் கண் ரொம்ப மோசம் என்று அக்காளுக்கும் தம்பிக்கும் அரை மணி நேரம் சண்டை. கிளம்பும்போது அத்தை வண்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, பொங்கலுக்கும் கூட்டிட்டு வா கண்ணு என்றது.

3 நவம்பர், திங்கள்

காலையில் பழக்க தோஷத்தில் கம்பெனி வேன் வாசலில் நின்று ஹாரன் அடித்தது. நான் உள்ளே டப்பா கட்டிக்கொண்டிருந்தேன். இவர் போய்ச் சொல்வது கேட்டது. "நீங்க போங்க. அவங்க இனி அவங்க வண்டியில வந்துக்குவாங்க."

உங்கப்பன் வண்டி என்றுதான் இதுவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

என்னையும் வீரபாண்டிப் பிரிவில் இறக்கி விடுகிறாயா என்று கேட்டார். ஏறச் சொன்னேன். சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, சட்டைப் பையில் இருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். பிரிண்ட் அவுட்.

"கார்புரேட்டர்ல ஒரு சின்ன வேலை..."

இங்கேயே இறக்கி விட்டுவிடுவேன் என்றேன். தாள் மறுபடி மடிந்து சட்டைப் பைக்குள் போனது.